பழைய ராணுவ டார்ச்சை மலையேற்றத்துக்குக் கொண்டுபோகலாமா?

மலைநடையன்:
பழைய பொருள் விற்பவரிடம் தலை வளைந்த பச்சை ராணுவ டார்ச் ஒன்று கிடைத்தது, மேலே எம்எக்ஸ்-991/யூ என்று அச்சடித்திருக்கிறது. பின்மூடியைக் கழற்றினால் சிவப்பு, நீல வில்லைகளும் ஒரு உபரி பல்பும் ஒளிந்திருக்கின்றன, பார்த்ததும் மனசைப் பறிகொடுத்துவிட்டேன். ஆனால் ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எல்இடி பல்பு மாற்றி, இரண்டு இரவு மலையேற்றத்துக்கு இதை மட்டும் எடுத்துப்போனால் போதுமா?

பழைய இரும்பு:
இதை மட்டும் நம்பிப் போகாதீங்க. இரண்டு டி செல் (தடித்த பெரிய பேட்டரி) போட்டாலே கிட்டத்தட்ட 280 கிராம், அதுபோக டார்ச்சின் எடை வேறு. நடக்க ஹெட்லேம்ப்தான் சரி, கை இரண்டும் காலியாக இருக்கும். ஆனால் கூடாரம் போட்ட பிறகு இந்த டார்ச்சுக்கு ஈடு கிடையாது: கீழே நிற்க வைத்தால் வெளிச்சம் பக்கவாட்டில் அடிக்கும், பையின் பட்டையில் கிளிப்பை மாட்டினால் முன்னால் அடிக்கும். அந்த வெள்ளைப் பூப்பு அல்கலைன் செல் கசிந்தது என்றால், பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் தேயுங்க, நுரைக்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய உப்புத்தாள் ஒரு இழுப்பு. இனிமேல் செல்லை உள்ளே போட்டு அலமாரியில் வைக்காதீங்க, இந்த டார்ச்சுகள் பெரும்பாலும் சாகிறது அப்படித்தான்.

இருட்டுப்பூனை:
எல்இடி விஷயத்தில் ஒன்று சொல்லணும். சில எல்இடி பல்புகளுக்கு பிளஸ் மைனஸ் உண்டு, எரியவில்லை என்றால் பல்பு போச்சு என்று நினைக்காமல் செல்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. உடம்பு பிளாஸ்டிக், சூடு வெளியே போக வழியில்லை, அதனால் ஓவர் பவர் பல்பு வேண்டாம். இன்னொன்று, சிவப்பு வில்லை உங்களுக்கு முக்கியம் என்றால் பழைய இழை பல்பையே விட்டுவிடுங்க. இழை பல்பின் வெளிச்சத்தில் சிவப்பு தாராளம், நீலம் கலந்த வெள்ளை எல்இடியில் அது குறைவு, வில்லையைப் போட்டால் மங்கிப்போய்விடும். நான் மாற்றிவிட்டு, திரும்பப் பழைய பல்புக்கே வந்தேன்.

மலைநடையன்:
சிவப்பு எதற்கு, அழகுக்கா?

இருட்டுப்பூனை:
கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை அடித்தால் மறுபடி முதலிலிருந்து. மங்கலான சிவப்பில் அந்தப் பழக்கம் அவ்வளவாகக் கெடாது. நட்சத்திரம் பார்க்கிறவர்களைக் கேளுங்க.

வரைபடக்காரன்:
சிவப்பை வைத்து வரைபடம் மட்டும் படிக்காதீங்க. நில உயரத்தைக் காட்டும் உயரக்கோடுகள் பழுப்பிலோ சிவப்பிலோ அச்சாகியிருந்தால் கண்ணில் படவே படாது, சரிவு இருக்கிற இடம் சமதளமாகத் தெரியும். ஒருமுறை அப்படி நம்பி ஓடைப்பள்ளத்தில் இறங்கி, விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் சுவிட்சுப் பக்கத்தில் அழுத்துகிற பட்டன் ஒன்று இருக்கும், சைகை காட்ட. மலையில் ஆபத்து என்றால் ஒரு நிமிஷத்துக்கு ஆறு தடவை மின்னவிட்டு, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு. பதிலுக்கு நிமிஷத்துக்கு மூன்று தடவை மின்னினால் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மலைநடையன்:
வினிகர் வைத்தேன், எரிகிறது! ஹெட்லேம்ப் தலையில், இது கூடாரத்தில்.