அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியில் துருப்புள்ளி: நீண்ட நாள் வைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

தேவாலா தோட்டம்:

வணக்கம். எங்கள் காபித் தோட்டம் கூடலூர் பக்கம் தேவாலாவில் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அப்பா பெயரில் உரிமம் பெற்ற 12 போர் (குழலின் உள்ளளவைச் சொல்லும் எண்) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் செய்தது. தாத்தா காலத்தில் ஒரு எஸ்டேட் துரையிடம் வாங்கியது. காட்டுப்பன்றி தொல்லை அதிகமானால் சத்தம் காட்ட வெடிப்பதோடு சரி.

அப்பா சிகிச்சைக்காகக் கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போகிறார். திரும்ப ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். அதுவரை உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் பாதுகாப்பு வைப்பில் விடலாம் என்று இருக்கிறோம். உறையிலிருந்து எடுத்துப் பார்த்தால் குழலின் மேல்பக்கத்தில், தோட்டா போடும் முனைக்கு அருகே, செம்பழுப்பாக மூன்று புள்ளிகள். உறை உரசும் இடத்தில் நீளமாக ஒரு கோடு. குழலின் உட்புறம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. தாத்தா தேங்காய் எண்ணெய் போடுவாராம். அப்பா தையல் மிஷின் எண்ணெய் போடுவார். பீரோவில், தோல் உறைக்குள்தான் எப்போதும் இருக்கும்.

இந்தத் துருவை எப்படி எடுப்பது? நீண்ட நாள் வைக்க எந்த எண்ணெய் நல்லது?

பீளமேடு பட்டறை:

தம்பி, துப்பாக்கி பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் இரும்பைத் துருப்பிடிக்காமல் வைப்பதுதான் என் பிழைப்பு. ஒன்று கேட்கிறேன். மூன்று புள்ளியும் ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் இருக்கிறதா? ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியை வைத்துச் சந்தனம் இடுவீர்களா? எங்கள் பட்டறையில் வெர்னியர் காலிபர், மைக்ரோமீட்டர் மேலெல்லாம் சந்தனப் பொட்டு வைத்த இடத்தில் அச்சாக இப்படித்தான் துரு வரும்.

தேவாலா தோட்டம்:

ஆமாம் அண்ணா, ஒரே வரிசைதான். வருடா வருடம் அம்மா மூன்று பொட்டு வைப்பார். விஜயதசமி முடிந்து அப்படியே உறையில் போட்டுவிடுவோம்.

பீளமேடு பட்டறை:

அப்போது பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சந்தனத்தைத் தண்ணீரில்தானே குழைக்கிறோம். தேய்த்து வைக்கும்போதே எண்ணெய்ப் பூச்சு விலகிவிடும், ஈரம் நேராக இரும்பில் உட்காரும். காய்ந்த பிறகும் அந்தப் பொடி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டே இருக்கும். பூஜையை விட வேண்டாம். மரக்கட்டையில் ஒரு பொட்டு வையுங்கள், அல்லது கீழே விரிக்கும் துணியில் வையுங்கள். பூஜை முடிந்ததும் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது.

பழைய குழல்:

பட்டறைக்காரர் சொன்னது சரி. நீளக் கோட்டுக்குக் காரணம் உங்கள் தோல் உறை. தோலைப் பதப்படுத்தும்போது சேர்க்கும் அமிலமும் உப்பும் அதில் தங்கியிருக்கும். மழைக்காலத்தில் தோல் ஈரத்தைக் குடித்து, பிறகு மெல்ல மெல்ல இரும்புக்குக் கொடுக்கும். கேன்வாஸ் உறை, உள்ளே பஞ்சு வைத்த பெட்டி எல்லாமே இதே கதைதான். உறை என்பது தூக்கிக்கொண்டு போவதற்கு மட்டும். வைப்பதற்கு அல்ல. துப்பாக்கியைக் கெடுப்பதில் எண்ணெய் இல்லாமையைவிட உறைக்குத்தான் பெரிய பங்கு என்பது என் அனுபவம்.

தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். உங்கள் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அங்கே இவ்வளவு நாள் இருந்து இவ்வளவுதான் துரு என்றால் உங்கள் அப்பா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி துருவை எடுப்பது. முதலில் குழலை மடக்கித் திறந்து, இரண்டு அறையிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். அப்புறம்தான் துணியைக் கையில் எடுக்க வேண்டும்.

உப்புத்தாள் வேண்டாம். எலுமிச்சை, புளி, வினிகர், கடையில் விற்கும் துருநீக்கி எதுவும் வேண்டாம். குழலின் கருநீல நிறமும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். துருவைக் கரைக்கும் அமிலம் அதையும் சேர்த்துக் கரைத்துவிடும், வெள்ளையாகத் திட்டு விழும். புள்ளிகள் மேல் மெல்லிய எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு நான்கு சுழி (0000) போட்ட, மிக நுண்ணிய ஸ்டீல் வூலை (எஃகு இழைப் பஞ்சை) எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல், குழலின் நீளவாக்கில் தேயுங்கள். எண்ணெய் பழுப்பாக வரும். துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். பழுப்பு வருவது நின்றால் நிறுத்திவிடலாம். அடியில் சின்னக் குழி தெரிந்தால் அதைத் துரத்திப் போகாதீர்கள். குழியைச் சமன் செய்கிறேன் என்று தேய்த்துத் தேய்த்தே குழலின் சுவரை மெலிதாக்கியவர்கள் உண்டு.

நிறம் போய்விட்டது, கருநீலம் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கவனம். இரட்டைக்குழலில் இரண்டு குழலையும் நடுப்பட்டையையும் ஈயப் பற்று வைத்துத்தான் இணைத்திருப்பார்கள். காரம் கலந்த சூடான உப்புக் கரைசலில் முக்கும் முறை அந்தப் பற்றை அரித்துவிடும். பழைய இரட்டைக்குழலுக்கு மெதுவாகத் துருவேற்றிக் கொதிநீரில் கருக்கும் முறைதான். அதையும் உரிமம் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. குழலின் மேல் மரவரி போலச் சுருள் சுருளாகக் கோலம் தெரிகிறதா? அப்படியானால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல். பழுதுபார்ப்பவர் பார்த்துச் சொல்லும்வரை அதில் இக்காலத் தோட்டாவைப் போட்டு வெடிக்கவே கூடாது.

தேவாலா தோட்டம்:

கோலம் எதுவும் இல்லை ஐயா, ஒரே நிறம்தான். எண்ணெய் விஷயம்? டபிள்யூடி-40 ஸ்பிரே வீட்டில் இருக்கிறது. அது போதுமா?

பழைய குழல்:

ஈரத்தை விரட்ட நல்லது, காவலுக்கு நிற்காது. 1953-ல் சான் டியேகோவில் அதைச் செய்தபோதே நோக்கம் நீரை விலக்குவதுதான். பெயரும் அதிலிருந்து வந்தது. அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய உலோகத் தோல் துருப்பிடிக்காமல் இருக்க அதைப் பூசினார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சும் படலம் மிக மெலிது. நனைந்துவிட்ட துப்பாக்கியில் முதலில் அடித்துத் துடைக்கலாம். வருடக்கணக்கில் வைக்க அதையே நம்பாதீர்கள்.

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் அறவே வேண்டாம். காற்றுப் பட்டுச் சிக்குப் பிடிக்கும், குதிரையும் ஸ்பிரிங்கும் ஒட்டிக்கொள்ளும், கெட்டுப்போனால் அமிலமும் சேரும். தையல் மிஷின் எண்ணெய் கெடுதல் செய்யாது. ஆனால் தண்ணீர் மாதிரி இருப்பதால் சில மாதத்தில் வழிந்து இறங்கிவிடும். மண்ணெண்ணெய் துரு இளக்க உதவும், அப்புறம் பறந்துபோகும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் ரங்கூன் ஆயில் என்று சொல்வார்கள், பர்மாவின் பெட்ரோலிய எண்ணெய். காரணத்தோடுதான் அதைத் தேடினார்கள்: கனிம எண்ணெய் சிக்குப் பிடிக்காது.

உங்களுக்குத் தேவை இரண்டு. இயங்கும் பாகங்களுக்கு நல்ல துப்பாக்கி எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. குழலின் வெளிப்புறத்துக்குத் துருத்தடுப்பு கிரீஸ், அல்லது வாசனை சேராத பெட்ரோலியம் ஜெல்லி, மெல்லிய பூச்சாக. பூசும் முன் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது, சிலர் கைரேகை அப்படியே துருவாகப் பதிந்துவிடும். முன்கட்டையைக் கழற்றி அடியிலும் பாருங்கள். மரமும் இரும்பும் சேரும் இடத்தில்தான் கண்ணுக்குத் தெரியாமல் துரு வளரும்.

உட்குழலில் லேசாக எண்ணெய் நனைத்த துணியை ஒரு முறை இழுத்தால் போதும். குழல் வாயைத் துணி, மெழுகு, கார்க் எதாலும் அடைக்காதீர்கள். உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். மறந்துபோய் யாராவது அடைப்போடு வெடித்தால் குழல் கிழிந்து உயிருக்கே ஆபத்து.

பீளமேடு பட்டறை:

எங்கள் தொழிலில் ஏற்றுமதிக்குப் போகும் பம்ப் பாகங்களை விசிஐ பையில் போட்டு அனுப்புவோம். பையிலிருந்து மெல்ல ஆவியாகும் வேதிப்பொருள் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். எண்ணெய்த் துணி எட்டாத மூலைக்குள்ளும் அது போகும். கோயம்புத்தூரில் பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பையின் வாய் இறுக்கமாக மூடியிருந்தால்தான் வேலை செய்யும். இரும்புக்கானது என்று கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் பித்தளைக்கு வேறு வகை உண்டு. கூடவே சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம். ஆரஞ்சு நிற மணிகள் ஈரம் குடித்ததும் பச்சையாகும், அதை வாங்குங்கள். நீல மணிகளில் கோபால்ட் சேர்மம் உண்டு, உடம்புக்கு ஆகாது. 110 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் ஈரம் போய் மறுபடி பயன்படும், ஆனால் சமையல் பாத்திரத்தில் வைக்காதீர்கள். வெறும் பீரோவுக்குள் ஜெல் பொட்டலம் போட்டுப் பயனில்லை. இடுக்கு வழியே மழைக்காற்று வந்துகொண்டே இருக்கும், சில நாளில் நிரம்பிவிடும்.

சித்தாப்பூர் எஸ்டேட்:

நான் குடகில் வேலை பார்ப்பவன், பூர்வீகம் சேலம். இங்கே கொடவர் வீடுகளில் துப்பாக்கி தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போது பண்டிகை, ஆயுதங்களைத் துடைத்துப் பூஜை செய்வார்கள். துப்பாக்கிக்கு வைப்பது செங்காந்தள் பூ. சந்தனப் பொட்டுக்குப் பதில் ஒரு பூ என்று உங்கள் அம்மாவிடமும் சொல்லிப் பாருங்கள், நம் மாநில மலர்தானே. நாற்று நட்டு முடித்து, கனமழை ஓயும் நேரத்தில் துப்பாக்கியை வெளியே எடுத்துத் துடைப்பது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். துருவை ஆரம்பத்திலேயே பார்த்துவிடலாம்.

நிறுத்தி வைப்பதாக இருந்தால் குழல் வாய் கீழே இருக்கும்படி வையுங்கள். நேராக நிறுத்தினால் எண்ணெய் வழிந்து கட்டையின் கழுத்துக்குள் இறங்கும், வருடம் போகப்போக மரம் கறுத்து மெத்தென்றாகிவிடும். கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் ஒரு கை. கிரீஸ் மரத்தில் படாமல் பாருங்கள்.

நீதிமன்ற வாசல்:

எல்லோரும் துரு பற்றிச் சொல்லிவிட்டார்கள், காகிதம் பற்றி நான் சொல்கிறேன். உரிமம் அப்பா பெயரில் என்றால் அவர் இல்லாத வீட்டில் நீங்கள் பூட்டி வைத்திருப்பது சரியில்லை. வியாபாரியிடம் வைப்பது நல்ல முடிவு. 1959 ஆயுதச் சட்டத்தின்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ வைப்பில் விடலாம். ஒப்படைக்கும்போது அப்பாவையே அழைத்துப் போங்கள். துப்பாக்கி எண், நிலை, துணைப் பொருட்கள், தோட்டா எண்ணிக்கை எல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள், எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். துப்பாக்கி வைப்பில் இருந்தாலும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமக் காலம் 5 வருடம், உங்கள் புத்தகத்தில் எந்தத் தேதி என்று பாருங்கள். படம் இங்கே போடுவதானால் எண்ணை மறைத்துவிடுங்கள்.

தேவாலா தோட்டம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை ஊறவைத்துத் தேய்த்தேன். இரண்டு புள்ளி முழுதாகப் போய்விட்டது, மூன்றாவதில் குண்டூசி முனை அளவு குழி இருக்கிறது. அதை அப்படியே விட்டேன். அம்மா பூவுக்குச் சம்மதித்துவிட்டார். வியாபாரியிடம் போனில் பேசினேன். விசிஐ பையோடு வாங்கிக்கொள்வார், ஆனால் போலீஸ் சோதனைக்கு வந்தால் பிரிக்க வேண்டி வருமாம். பிரித்தால் வீணாகிவிடுமா?

பீளமேடு பட்டறை:

வீணாகாது தம்பி. பார்த்துவிட்டு உடனே மூடினால் உள்ளே மறுபடி ஆவி நிரம்பிவிடும். ஜிப் உள்ள பை வாங்கிக் கொடுங்கள், கூடவே ஒரு ஜோடி கையுறையும் வையுங்கள், வெறும் கையால் தொட மாட்டார்கள். பை ஒன்றிரண்டு வருடம் தாங்கும், அதற்கு மேல் போனால் மாற்ற வேண்டும்.

பழைய குழல்:

மழைக்காலம் முடிந்ததும் அப்பாவோடு போய் ஒரு முறை திறந்து பாருங்கள், வியாபாரிகள் மறுக்க மாட்டார்கள். திரும்ப எடுக்கும் நாளில் உட்குழலைக் காய்ந்த துணியால் இழுத்துத் துடைத்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, இரண்டு குழலும் வாய் வரை தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸை மண்ணெண்ணெய் நனைத்த பனியன் வேஸ்டால் எடுத்துவிட்டு மெல்லிய எண்ணெய் போடுங்கள். அந்தக் குழியைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே தோட்டா போட வேண்டும்.