எல்லாம் இங்கிலீஷ்காரன் வேலை

2013இல் துபாய் தேராவில், மசாலா சூக்கை (சந்தையை) ஒட்டிய ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடை ஒரு ஈரானியப் பெரியவருடையது. குங்குமப்பூ, பிஸ்தா, காய்ந்த எலுமிச்சை. எல்லாருக்கும் அவர் ஹாஜி. பேச்சு அரைகுறை இந்தியில். எது நடந்தாலும் அவருக்கு ஒரே விளக்கம்தான்: "கார்-எ இங்கிலீஸாஸ்த்." இங்கிலீஷ்காரன் வேலை. பிஸ்தா விலை ஏறினாலும் அதுதான், ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்து லாஞ்ச் ஒரு நாள் பிந்தினாலும் அதுதான். அவர் காதுபடவே சிரிப்போம்.

அந்த ஆகஸ்ட் 19ஆம் தேதி, 1953 ஈரான் ஆட்சிக் கவிழ்ப்பில் தனக்கிருந்த பங்கை அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவே ஒப்புக்கொள்ளும் ஆவணம் வெளியானது. போனில் செய்தியைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை மனுஷர். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அதன் வழியாகவே டீயை உறிஞ்சினார். "இதைச் சொல்ல இவனுக்கு அறுபது வருஷமா?"

ஆட்சி கவிழ்ந்த அன்று அவர் தெஹ்ரானில் ஏழு வயசுப் பையன். காலையிலேயே மன்னர் ஷா வாழ்க என்று கூட்டம் கத்திக்கொண்டு போயிருக்கிறது. அப்பா கடை ஷட்டரைப் பாதி இறக்கி இவரை உள்ளே இழுத்துப் போட்டாராம். கூலிக்குக் கத்தியவர்களும் அதில் இருந்தது பிற்பாடு தெரிந்த கதை.

பிரதமர் மொசாதெக் 1951இல் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியதுதான் பிரிட்டனுக்கு உறுத்தல். ஈரான் எண்ணெயை யாரும் வாங்காதபடி தடுத்துப் பார்த்தது, அப்புறம் அமெரிக்காவைக் கூட்டுச் சேர்த்தது. ஆகஸ்ட் 15 ராத்திரி முதல் முயற்சி சொதப்பி, ஷா பாக்தாத் வழியாக ரோமுக்கே ஓடிவிட்டார். நான்கே நாளில் மொசாதெக் வீட்டு வாசலில் டாங்கி. மூன்று வருஷம் சிறை, பிறகு 1967இல் சாகும்வரை அஹ்மதாபாத் கிராமத்தில் வீட்டுக்காவல். அந்த வீட்டுச் சாப்பாட்டு அறைத் தரையிலேயே புதைத்தார்கள். இதைச் சொல்லும்போது ஹாஜி தன் கடைத் தரையைக் காலால் தட்டிக் காட்டினார்.

சரி, இதுவரை நியாயம். அடுத்து ஷாவை விரட்டிய 1979 புரட்சியையும் அதே பற்றில் எழுதினார்: மதத்தலைவர் கொமேனியைக் கொண்டுவந்ததும் இங்கிலீஷ்காரனாம். லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தவர்களுக்கும் லண்டன்தான் கூலி கொடுத்ததா என்று கேட்டேன். 1953இலேயே மொசாதெக்கைக் கைவிட்ட முல்லாக்களும் தளபதிகளும் உள்ளூர்க்காரர்கள்தானே? அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எலுமிச்சை மூட்டையைக் கட்டப் போய்விட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் சிரியாவில் விஷவாயுத் தாக்குதல். அமெரிக்கா அடிக்குமா, சிரிய அதிபர் அசாத் போவாரா என்று சூக் முழுக்க அதே பேச்சு. கஃபடேரியா சேட்டன் வெள்ளிக்கிழமைக்குள் குண்டு விழும் என்று பந்தயமே கட்டினார். வெள்ளி வந்தது, போனது. ஒபாமா காங்கிரஸைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டார்.

"ஏன் ஹாஜி அடிக்கவில்லை?"

"கார்-எ இங்கிலீஸாஸ்த்."

சிரிக்க வாயைத் திறந்தேன். 29ஆம் தேதி ராத்திரி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 285க்கு 272 என்று தாக்குதலை நிராகரித்தது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.