ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்கு எந்தத் தமிழ் எழுத்துரு?

கரிசல்காட்டான்:
எங்கள் ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறோம். டெம்மி அளவு (நடுத்தரப் புத்தக அளவு), 120 பக்கம் வரும். வேர்டில் யூனிகோடில் அடித்து வைத்திருக்கிறோம், எழுத்துரு லதா. அச்சகத்தில், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் யூனிகோட் போட்டால் கொம்பு இடம் மாறி விழுகிறது, பாமினி எழுத்துருவுக்கு மாற்றிக் கொடுங்கள் என்கிறார்கள். மாற்றிவிடலாமா? வாசிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், எழுத்து கண்ணை உறுத்தக் கூடாது. எந்த எழுத்துரு, எத்தனை பாயின்ட்?

அச்சுக்கோப்பு:
தயவுசெய்து மாற்றாதீர்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய எழுத்துரு. பிடிஎஃப்பில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும், நாளைக்கு மறுபதிப்போ மின்னூலோ போடும்போது எல்லாவற்றையும் திரும்ப மாற்றிப் பிழை பார்க்க வேண்டியிருக்கும். ஊர் வரலாறு என்றால் பெயர்களைத் தேடத்தான் பிள்ளைகள் வருவார்கள். கொம்பு இடம் மாறுவது யூனிகோடின் குறை இல்லை. இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில் 'வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று இருக்கும், அதைத் தேர்ந்தால் சரியாகிவிடும்.

மைக்கூடு:
லதா திரைக்குப் பரவாயில்லை, புத்தகத்துக்கு நான் போட மாட்டேன். நோட்டோ செரிஃப் தமிழ் எடுங்கள், இலவசம், பல தடிமன்களில் கிடைக்கிறது. தலைப்புக்கு முக்தா மலர் அல்லது ஹிந்த் மதுரை. போல்டு (தடித்த வடிவம்) தனியாக இல்லாத எழுத்துருவில் பி பொத்தானை அழுத்தினால் மென்பொருளே கோட்டைப் பூசித் தடிமனாக்கும், சுழி அடைத்துப்போய் ஞ, ண எல்லாம் கறுப்புப் புள்ளியாக நிற்கும். அளவைவிட வரி இடைவெளிதான் முக்கியம். 11 பாயின்ட் எழுத்துக்கு 17 பாயின்ட் வையுங்கள், ஏனென்றால் மேலே 'கீ' வளைய, கீழே 'கூ' இறங்க, ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியில் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

கரிசல்காட்டான்:
கம்போசர் வேலை செய்தது, நன்றி! ஆனால் இரண்டு பக்கமும் சமமாக நிறுத்தினால் சில வரிகளில் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டை விழுகிறது.

அச்சுக்கோப்பு:
தமிழ்ச் சொல் நீளம், டெம்மி வரி குறுகல், அதனால்தான். நீளமான சொற்களை உடைக்க விடுங்கள், ஹைபன் போடாமல் உடைப்பது தமிழ்ப் புத்தகங்களில் பழைய வழக்கம். ஆனால் அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது, அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். அப்புறம், மொத்தமும் அச்சுக்குப் போகும் முன் அதே தாளில் இரண்டு பக்கம் அடித்து வாங்கி வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனால் 12 பாயின்டுக்கு ஏற்றுங்கள், பக்கம் கூடினால் கூடட்டும்.