குழிக்கு வெளியே தொல்லியல்: பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு

(நத்தம்மேடு, உறைகிணறு, மைப்படி, கரிசல் என்பவை இங்கே எழுதும் நால்வரின் புனைபெயர்கள்.)

நத்தம்மேடு:
அகழாய்வுக் குழிக்குள் இறங்கினால்தான் தொல்லியல் என்று நினைத்துத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். அனுமதி இல்லாமல் ஓரடி தோண்டினாலும் அது சேதம்தான். தோண்டாமல் கற்கவே இரண்டு வருடத்துக்கு வேலை இருக்கிறது. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தது அகழாய்வில் அல்ல, சரளை அள்ளிய பள்ளத்தில்தான்.

மேற்பரப்பு ஆய்வில் தொடங்குங்கள். கோடை உழவு முடிந்து முதல் மழை பெய்த பிறகு போனால் மண் கழுவப்பட்டுப் பழைய பானை ஓடுகள் பளிச்சென்று தெரியும். நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஐந்து மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நடக்க வேண்டும். ஓட்டைப் பொறுக்கிப் பையில் போடாதீர்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சட்டம் வைத்து, உள்ளே எத்தனை ஓடு, என்ன நிறம், விளிம்புத் துண்டு எத்தனை என்று எண்ணி எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். எண்ணிக்கை எங்கே கூடி எங்கே குறைகிறது என்பதிலிருந்துதான் பழைய குடியிருப்பு மேட்டின் எல்லை பிடிபடும்.

அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஏரி வண்டல் அடித்த வயலில் ஓடு கிடந்தால் அது அந்த வயலின் ஓடு அல்ல, வண்டியேறி வந்தது. ஓரங்கள் மழுங்கி உருண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். 'இங்கே எப்போது வண்டல் அடித்தீங்க?' என்று அந்த வீட்டுத் தாத்தாவிடம் கேட்டால் பாதிக் குழப்பம் தீரும். அப்படியே வயலின் பெயரையும் கேளுங்கள். கீழடியில் தோண்டிய இடத்தைப் பள்ளிச்சந்தைத் திடல் என்றுதான் ஊரார் சொல்வார்கள். பழைய குடியிருப்பைக் குறிக்கும் நத்தம், பழைய ஈமச்சின்னங்களைக் குறிக்கும் பாண்டவர் குழி, மோரியர் வீடு போன்ற பெயர்கள் காதில் விழுந்தால் நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

உறைகிணறு:
பானை ஓடு வரையப் பழகப் பழைய ஓடே வேண்டாம். குயவரிடம் ஒரு மண்சட்டி வாங்கி, வாய் விட்டத்தை அளந்து எழுதிவிட்டு உடையுங்கள். பிறகு ஒரு விளிம்புத் துண்டை மட்டும் வைத்து அந்த விட்டத்தைக் கண்டுபிடிக்கப் பாருங்கள். விடை கையில் இருப்பதால் எவ்வளவு பிழை வருகிறது என்று உடனே தெரியும்.

சார்ட் தாளில் ஒரே மையத்திலிருந்து அரை சென்டிமீட்டர் ஏற்றத்தில் வட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். துண்டைத் தலைகீழாக்கி விளிம்பை மேசையில் பதிய வையுங்கள். வெளிச்சம் கசியாமல் விளிம்பு முழுதும் படியும் சாய்வுதான் பானையின் உண்மையான சாய்வு. பெரும்பாலோர் இதை அவசரமாகச் செய்கிறார்கள், கிண்ணம் தட்டாகிவிடுகிறது. சாய்வு மாறாமல் வட்டத் தாளுக்கு நகர்த்தி, எந்த வட்டத்தோடு வளைவு ஒட்டுகிறது என்று பாருங்கள். முழு வட்டத்தில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாத துண்டுக்கு விட்டம் சொல்லாமல் இருப்பதே நேர்மை. கிராஃப் தாளில் விட்டத்துக்குக் கிடைக்கோடு, நடுவில் செங்குத்துக் கோடு, இடப்பக்கம் வெட்டுத்தோற்றத்தைக் கறுப்பாக நிரப்பி, வலப்பக்கம் வெளித்தோற்றம். தடிமனை வெர்னியரால் மூன்று இடத்தில் எடுங்கள். பிசிக்ஸ் லேபில் இருப்பது போதும்.

கறுப்பு-சிவப்பு ஓடு பற்றி ஒன்று. உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத பகுதி கறுக்கிறது என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். வெளிப்புறம் மட்டும் கறுத்திருந்தால் பெரும்பாலும் அடுப்புப் புகை. அடுப்புக்கரியைப் பார்த்துவிட்டு 'சங்ககாலம்' என்று ஃபேஸ்புக்கில் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மைப்படி:
கல்வெட்டு. எழுத்துக்குள் சாக்பீஸோ மாவோ தேய்க்காதீர்கள். கல்லுக்குக் கேடு என்பதோடு, நீங்கள் நினைத்த எழுத்தையே நீங்கள் வரைந்துகொள்வீர்கள். டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் தாழப் பிடித்து நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். நேரே அடிக்கும் ஃபிளாஷில் எதுவும் தெரியாது.

மைப்படி எடுப்பதைத் தெரிந்தவரோடு சேர்ந்து, அனுமதியோடு கற்க வேண்டும். கல்லைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். ஈரம் பாதி காய்ந்ததும் மை ஒற்றியால் மேலே ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரம் அதிகமிருந்தால் மை பரவும், முழுக்கக் காய்ந்தால் தாள் உரியும்.

வாசிக்கும்போது மூன்று பொறி. சோழர் காலக் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். ஆகவே முதலில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ', 'யாண்டு' மாதிரி திரும்பத் திரும்ப வரும் தொடர்களைக் கண்ணுக்குப் பழக்குங்கள். அங்கிருந்து அந்தக் கல்லின் எழுத்துப் பாணி பிடிபடும்.

கரிசல்:
உண்மையான அகழாய்வைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பொருளைப் பார்க்காமல் பதிவைப் பாருங்கள். 10 மீட்டர் சதுரத்தின் நடுவில் ஒரு மீட்டர் அகலக் குறுக்குச் சுவர் விட்டு, 4.5 மீட்டரில் நான்கு கால்குழிகளாகப் பிரித்திருப்பார்கள். சுவரை விடுவது மண்ணடுக்கைப் பக்கவாட்டில் வாசிக்கத்தான், நடப்பதற்கு அல்ல. சதுரம் போடுவதைப் பள்ளி மைதானத்திலேயே பழகலாம். 3-4-5 மீட்டர் முக்கோணத்தில் மூலையைப் பிடித்து, 5 மீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம் 7.07 வருகிறதா என்று பாருங்கள். நாடா தொய்ந்தால் வராது. இரண்டு முனையிலும் ஒரே இழுப்பு இருக்க வேண்டும்.

கீழடியில் கி.மு. 580 என்று காலம் கணிக்கப்பட்ட கரித்துண்டு 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது. அந்த ஆழத்தை எழுதி வைக்காமல் விட்டிருந்தால் அது வெறும் கரித்துண்டு. கரியைக் கையால் தொடாமல் கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதிவார்கள், பஞ்சும் காகிதமும் கூடாது. பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.

நத்தம்மேடு:
எந்த குரூப் எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: வரலாறு எடுத்தாலும் சரி, அறிவியல் எடுத்தாலும் சரி. இளங்கலையில் தொல்லியலைத் தனியாகத் தரும் இடங்கள் குறைவு. முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், புனே டெக்கான் கல்லூரி இருக்கின்றன. மண், எலும்பு, மகரந்தம் படிக்க அறிவியல்காரர்கள் தேவைப்படுகிறார்கள்.

உறைகிணறு:
நாணயமோ சிலையோ கண்ணில் பட்டால் எடுத்துத் துடைக்காதீர்கள், பச்சைக்களிம்பைத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போகும். இருந்த இடத்திலேயே ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.