எம்எஸ் முடிச்சா வேலை: அமெரிக்காவா ஜெர்மனியா?

வானம்பாடி:
கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸுக்கு அமெரிக்கா, ஜெர்மனி ரெண்டுலயும் அட்மிஷன் வந்துருக்கு. லோன் போட்டுத்தான் போறேன், அதனால முடிச்சதும் அங்கயே கொஞ்ச வருஷம் வேலை பாத்தாத்தான் கடன அடைக்க முடியும். கன்சல்டன்சில கேட்டா "வேலை கண்டிப்பா கிடைக்கும்"னு சொல்றாங்க, எப்படின்னு கேட்டா பதிலே காணோம். அங்க இருக்கிறவங்க நிலவரம் சொல்லுங்களேன் ப்ளீஸ்.

ராக்கோழி:
நான் அமெரிக்கால இருக்கேன் ப்ரோ. படிச்சு முடிச்சதும் இங்க வேலை பாக்கத் தர்ற அனுமதி, ஓபிடி, 12 மாசம், ஸ்டெம் (சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேத்ஸ்) டிகிரின்னா மேல 24 மாசம், கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா முதல் 12 மாசத்துல மொத்தமா 90 நாளுக்கு மேல வேலை இல்லாம இருக்கக் கூடாது, ஓபிடி கார்டுல போட்டிருக்கிற ஆரம்பத் தேதிலருந்தே அந்தக் கணக்கு ஓட ஆரம்பிச்சிடும். அதனால கடைசி செமஸ்டர்ல தேடலாம்னு இருந்தா கதை கந்தல்தான், முதல் வருஷம் முடியிற சம்மர்லயே இன்டர்ன்ஷிப் புடிச்சாகணும். அந்த 24 மாசம் வேணும்னா கம்பெனி இ-வெரிஃபைல (வேலை பாக்க அனுமதி இருக்கான்னு ஆன்லைன்ல சரிபாக்குற கவர்மென்ட் சிஸ்டம்) இருக்கணும், ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட கேட்டுருங்க. என் ரூம்மேட் சேர்ந்த சின்ன கம்பெனில அது இல்லன்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது, பாவம் வேலைல இருக்கும்போதே மறுபடி முதல்லருந்து தேடுனான். அதுக்கப்புறம் ஹெச்1பி, அதாவது கம்பெனி நமக்காக அப்ளை பண்ற வேலை விசா, வருஷத்துக்கு 65,000, அமெரிக்க மாஸ்டர்ஸ்காரங்களுக்குத் தனியா 20,000, அவ்வளவுதான். கேக்குறவங்க அதவிட ரொம்ப ரொம்ப அதிகம், அதனால குலுக்கல் போட்டுத்தான் எடுக்குறாங்க, நீங்க எவ்ளோ கெட்டிக்காரரா இருந்தாலும் அது கைல வர்ற வரைக்கும் நிம்மதி கிடையாது.

நீலமலை:
தம்பி, ஜெர்மனில குலுக்கல் கிடையாது. டிகிரி முடிச்சா வேலை தேட 18 மாசம் தர்றாங்க, அதுவரைக்கும் எந்த வேலை வேணா பாத்துக்கலாம். படிப்புக்கேத்த வேலை கிடைச்சு சம்பளமும் வரம்ப தாண்டுச்சுன்னா ப்ளூ கார்டுங்கிற வேலை பெர்மிட், பி1 லெவல் (ஓரளவு சமாளிச்சுப் பேசுற நிலை) ஜெர்மனோட 21 மாசம் வேலை பாத்து பென்ஷன் கட்டியிருந்தா பெர்மனென்ட் ரெசிடென்சியே கேக்கலாம். மொழிதான் இங்க பெரிய சுவர். கோர்ஸ் இங்கிலீஷ்லதானேன்னு அசால்ட்டா விட்ட பசங்க இன்டர்வியூல தடுமாறுறத நிறைய பாத்துட்டேன், எங்க டீம்ல கோடு இங்கிலீஷ்லதான், ஆனா காலைல மீட்டிங், கஸ்டமர் அனுப்புற மெயில் எல்லாமே ஜெர்மன். விசா வர்ற வரைக்கும் சும்மா இருக்காம இப்பவே ஜெர்மன்ல ஏ1, ஏ2 (ஆரம்ப லெவல்) முடிச்சுருங்க. வந்ததும் வெர்க்ஸ்டூடன்ட் வேலை (படிச்சுக்கிட்டே பாக்குற பார்ட் டைம் வேலை) தேடுங்க, செமஸ்டர் நேரத்துல வாரம் 20 மணி நேரம், நிறைய பேர அதே கம்பெனிலயே எடுத்துக்குறாங்க.

வானம்பாடி:
ரொம்ப தேங்க்ஸ்க்கா! மொழி வகுப்பு இந்த வாரமே பாக்குறேன். ரெண்டுல எதுன்னு முடிவு பண்ண வேற என்ன பாக்கலாம்?

நீலமலை:
ரெண்டு யூனிவர்சிட்டிலயும் உங்க கோர்ஸ போன வருஷம் முடிச்சவங்கள லிங்க்ட்இன்ல தேடி மெசேஜ் போடுங்க, இப்ப என்ன விசால இருக்காங்கன்னு நேரடியா கேளுங்க. லோன் பேப்பர்ல கையெழுத்தெல்லாம் அதுக்கப்புறம்.