மறு: ரான்சம்வேர் – பணயத் தீநிரலா, பூட்டுப்பறியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கக் காசு கேட்கிற நிரல்தான் ரான்சம்வேர். நம் சொல்லடைவில் அதற்குப் ‘பூட்டுப்பறி’ என்று வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> ‘பணயத் தீநிரல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே, புதிதாக எதற்கு?

சேரன்மாதேவி அண்ணாச்சி கேட்டது நியாயம்தான். பணயக்கைதி எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால் பொருள் உடனே பிடிபட்டுவிடுகிறது. நிரலுக்கு அந்தப் பெயர் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்கள் கேட்கிற காசுக்கு என்ன பெயர், செய்கிற குற்றத்துக்கு என்ன பெயர் என்று போனால் அது உதவவில்லை. ‘பணயப்பணம்’ என்றால் சூதாட்டம் நினைவுக்கு வரும். ‘பிணைத்தொகை’ என்று எழுதிப் பாளையங்கோட்டை கோர்ட்டுப் பக்கம் யாரிடம் காட்டினாலும் ஜாமீன் என்றுதான் சொல்வார். ‘மீட்புப்பணம்’ அதைவிட மோசம். அடகு நகையை மீட்கிற தொனி வந்து, ஏதோ நாம் பட்ட கடனைக் கட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

நம் சீமையிலேயே இதற்கு ஒரு சொல் கிடக்கிறது: துப்புக்கூலி. திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைப் பக்கம் மாடு களவு போன காலத்தில் புழங்கியது. வெள்ளைக்காரர் காலத்து எழுத்துகளிலும் பதிவாகியிருக்கிறது. மாடு காணாமல் போகும். சில நாள் கழித்து ஓர் இடையாள் வந்து, இன்ன தொகை கொடுத்தால் துப்பு கிடைக்கும் என்பான். கொடுத்தால் மாடு ஏதாவது ஒரு தோப்பில் கட்டிக் கிடக்கும். போலீசுக்குப் போனால் மாட்டை மறந்துவிட வேண்டியதுதான். திருடியவன் யார், துப்பு சொன்னவன் யார் என்று பெரும்பாலும் ஊருக்கே தெரியும், ஆனாலும் அந்தக் காசுக்குக் கூலி என்றே பெயர். திருட்டை ஒரு சேவையாகக் காட்டுகிற அந்தச் சாமர்த்தியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்றைக்குக் கோப்புகளைப் பூட்டுகிற கும்பலும் அப்படித்தான் பேசுகிறது. திரையில் வரும் கடிதத்தில் ‘வாடிக்கையாளர் உதவி’ இருக்கும், நம்பிக்கை வர ஒரு கோப்பை இலவசமாகத் திறந்துகாட்டுவதும் உண்டு, போலீசுக்குப் போகாதே என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். இடையாளின் வேலையைப் பிட்காயின் என்ற மின்பணம் பார்க்கிறது. இது புதிதும் அல்ல. 1989-இல் எய்ட்ஸ் ஆராய்ச்சி என்ற பெயரில் பிளாப்பி வட்டுகளைத் தபாலில் அனுப்பி, கோப்புப் பெயர்களைக் குழப்பி, பனாமாவில் உள்ள தபால்பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னார்கள். 2017 மே 12-இல் பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற நிரல் 300 டாலர் கேட்டது. விண்டோசில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே ஒட்டு (திருத்த நிரல்) கொடுத்திருந்தும் போடாதவர்கள் சிக்கினார்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கி, பல நாள் எல்லாம் கையெழுத்தில்தான் ஓடின.

ஒரு வித்தியாசம் உண்டு. மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள், கோப்போ இருந்த இடத்திலேயே இருக்கும். மறையாக்கம் செய்து, அதாவது திறவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, அந்தத் திறவியை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். பூட்டும் திறவி ஒன்று, திறக்கும் திறவி வேறொன்று என்ற பொதுத்திறவி முறையை வைத்து இப்படிப் பணம் பறிக்கலாம் என்று 1996-லேயே யங், யுங் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிக்காட்டினார்கள். பூட்டும் திறவி நம் கணினியிலேயே கிடந்தாலும் அதை வைத்துத் திறக்க முடியாது. ஆகவே குற்றத்தின் பெயரில் பூட்டு வந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. கடைக்காரர்களும் ‘கம்ப்யூட்டரைப் பூட்டிட்டான்’ என்றுதான் சொல்கிறார்கள்.

வழியில் பறித்தால் வழிப்பறி, பூட்டிவைத்துப் பறித்தால் பூட்டுப்பறி.

> சங்கிலிப் பறிப்பு என்றால் சங்கிலியைப் பறிப்பது. பூட்டுப்பறி என்றால் யாரோ பூட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான் என்று ஆகாதா?

தென்காசி அக்கா சொன்ன இந்த மறுப்புதான் இதுவரை வந்ததில் கனமானது. இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்பது உண்மை. புழங்கப் புழங்கப் பொருள் நிலைத்துவிடும் என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. புகார் மனுவிலும் செய்தியிலும் வினையாக எழுதும்போது ‘பூட்டிப் பறித்தல்’ என்றே எழுதலாம். ‘கணினிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்க முயன்றனர்’ என்றால் ஸ்டேஷனில் எழுதுகிறவருக்கும் குழப்பமில்லை. சட்டத்திலும் பூட்டுவதும் பறிப்பதும் தனித்தனியாகத்தான் நிற்கின்றன. உரியவரை அவருடைய கணினியை அணுகவிடாமல் தடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வரும், 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மிரட்டிப் பறிப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவு. தலைப்புக்கும் சொல்லடைவுக்கும் பூட்டுப்பறி, நிரலுக்குப் பூட்டுப்பறி நிரல்.

துப்பு என்றதும் துப்பறிதல் நினைவுக்கு வருகிறது, போலீஸ் மென்பொருளோ என்று நினைப்பார்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதனால்தான் துப்புக்கூலியை நிரலின் பெயரில் சேர்க்காமல் காசுக்கு மட்டும் வைக்கிறேன்.

> எங்கள் பக்கம் கப்பம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஆளைக் கடத்திக் கேட்பதும் கப்பம்தான்.

யாழ்ப்பாணத்து நண்பரின் இந்த வரியை லேசில் தள்ள முடியவில்லை. இலங்கைப் பத்திரிகைகளில் இது தினம் வரும் சொல். எங்களுக்குக் கப்பம் என்றால் பாஞ்சாலங்குறிச்சிதான். 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது வரைக்கும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். கொடுக்க மறுப்பதுதான் மானம் என்ற வாடையும் அதில் இருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் போனதைத் திரும்ப வாங்குவதற்கு யாரும் கப்பம் கட்டுவதில்லை. இனி தொந்தரவு செய்யாமல் இருப்பதற்குக் கட்டுவது அது.

இங்கேதான் அது சரியாகப் பொருந்துகிறது. இப்போது கும்பல்கள் பூட்டுவதற்கு முன்பே கோப்புகளை நகலெடுத்துக்கொள்கின்றன. திறவிக்கு ஒரு காசு, நகலை வெளியிடாமல் இருக்க இன்னொரு காசு. முதலாவது துப்புக்கூலி, இரண்டாவது கப்பம். காப்புநகல் வைத்திருந்தால் துப்புக்கூலி கொடுக்கத் தேவையில்லை, கப்பத்துக்கு அது உதவாது. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் ‘பேக்கப் இருக்கே, அப்புறம் என்ன பயம்’ என்று கேட்கிற முதலாளிக்கு விளக்கவே முடியாது.

காப்புநகல் என்றதும் ஒன்று. டவுனில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கெல்லாம் தினமும் வெளி ஹார்ட்டிஸ்கில் நகலாகிக்கொண்டிருந்தது. அதை ராத்திரியும் கழற்றாமல் செருகியே வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்து கடைக் கணினியைப் பார்க்க வைத்த தொலைவழிக்கு எளிய கடவுச்சொல். பூட்டியபோது ஹார்ட்டிஸ்கும் சேர்ந்தே பூட்டிக்கொண்டது. கழற்றிவைக்கிற நகலுக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும் என்று அன்றிலிருந்து தோன்றுகிறது. ‘கழற்றிய நகல்’ என்றே சொல்லிவிடலாமா?

துப்புக்கூலி கொடுக்கலாமா என்று அண்ணாச்சி தனியாகக் கேட்டிருந்தார். சொல் விவாதத்துக்கு வெளியே போகிறது, இருந்தாலும் சொல்கிறேன். 2021-இல் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க்குழாய் நிறுவனம் 44 லட்சம் டாலர் அளவுக்குக் கொடுத்து வாங்கிய திறப்பு நிரல் மிக மெதுவாக ஓடியதால், தன் காப்புநகல்களையே நாட வேண்டியிருந்தது. சில வகைப் பூட்டுகளுக்கு ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் இலவசத் திறவிகள் கிடைக்கின்றன, முதலில் அங்கே பாருங்கள். நம் நாட்டில் நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. மாட்டுக்காரன் காலித் தொழுவத்தைப் பார்த்த மறுநிமிஷம் ஊருக்கே தெரிந்துவிடும். நம் கடைகளில்தான் மறைக்கிறார்கள்.

சொல்லடைவில் பூட்டுப்பறி, துப்புக்கூலி, கப்பம் மூன்றையும் தனித்தனிப் பதிவாகச் சேர்க்கிறேன். பணயத் தீநிரலை மாற்றுச்சொல்லாக அப்படியே விட்டுவைக்கலாம். அக்கா பூட்டுப்பறிக்கு இன்னும் மறுப்புச் சொன்னால், வேறு சொல்லையும் சேர்த்து அனுப்பட்டும்.