டிஃபிகல்ட்டி ஸ்பைக்: தமிழில் என்ன?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

விளையாட்டு வடிவமைப்புப் பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பிளாட்ஃபார்மர் (தாவித் தாவித் தடைகளைக் கடக்கும் ஆட்டம்) பகுதியில் ‘டிஃபிகல்ட்டி ஸ்பைக்’ மட்டும் இடிக்கிறது. அதுவரை ஒழுங்காகத் தாவி வந்தவர் ஓரிடத்தில் 20, 30 தடவை விழுகிறார். அதைக் கடந்தால் பழைய நிலை. ‘கடினமுள்’ சரியா?

-----

ஐயா, முள் வேண்டாம். இவ்வகை ஆட்டங்களில் தரையிலும் கூரையிலும் நிஜ முள்ளே இருக்கிறது. “அந்தக் கடினமுள்ளை எடுத்துவிடு” என்றால் லெவல் அமைப்பவர் அதைத்தான் அழிப்பார். ‘திடீர்க் கடினம்’ என்றால் யாருக்கும் புரியும்.

-----

> திடீர்க் கடினம்

புரியும், ஆனால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. ‘அருமை’யின் பழம்பொருள் கடினம்தான், ‘செயற்கரிய செய்வார்’ என்ற குறளில் இருப்பது அதுவே. இன்று அது பாராட்டாகிவிட்டதால் தனியே நிறுத்த முடியாது. ஆனால் அருமை + இடை, ஈறு போய் ஆதி நீண்டு ‘ஆரிடை’ ஆகும், ஆருயிர் போல. கடத்தற்கரிய வழி என்று பொருள். இதைவிடப் பொருத்தம் ஏது?

-----

‘கொடுமுடி’யையும் பாருங்களேன். உச்சி என்ற பொருள் நேரடியாகவே இருக்கிறது.

-----

> கொடுமுடி

கொடு என்றால் வளைவு. கொடுவாள் அப்படி வந்ததே. நமக்கு வேண்டியது வளைந்து ஏறுவது அல்ல.

ஆரிடையிலும் ஒரு குறை. தொடக்கம் முதலே கடினமான ஆட்டத்தில் எல்லா இடமும் ஆரிடைதான். ஸ்பைக் முன்பின் ஒப்பிட்டால்தான் தெரியும். நிஞ்ஜா கைடன் (1988) ஆட்டத்தின் 6-2 கட்டத்தை எடுங்கள். பறவை மோதினால் உயிர்க்கோடு கொஞ்சம்தான் குறையும். ஆனால் அடி வாங்கியவர் பின்னால் எறியப்படுவார், பின்னால் பள்ளம். சற்றுப் பின்வாங்கினால் கொன்ற எதிரி மறுபடி முளைப்பான். தாவும் தூரம் பெரிதாகக் கூடவில்லை. இவை ஒரே விளிம்பில் சேர்வதால்தான் கடினம் எகிறுகிறது. ஒன்றைத் தளர்த்தினாலே கடினத்தின் வரைபடக் கோடு இறங்கும். செலஸ்ட் (2018) என்ற ஆட்டம் விளிம்பை விட்டு நழுவிய பின்னும் 0.1 விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால் தாவ விடுகிறது. நேரப் பிசகால் வரும் சாவு அங்கே குறைகிறது. செங்குத்தாக ஏறும் கோடு என்பதால் ‘குத்தேற்றம்’ என்கிறேன்.

-----

> குத்தேற்றம்

ஏறியது இறங்க வேண்டுமே? அதே ஆட்டத்தில் 6-2ஐ அடுத்து 6-3, பிறகு மூன்று பாஸ்கள் (கடைசியில் வரும் பெரிய எதிரிகள்). அவர்களிடம் தோற்றால் 6-1க்கே திருப்பி அனுப்பிவிடும். உங்கள் எடுத்துக்காட்டு ஸ்பைக்கே அல்ல, படி.

-----

நன்றி. பெரும்பாலோர் குத்தேற்றம் என்பதால் அதையே இடுகிறேன். ஏறி அங்கேயே நிற்பதற்குப் ‘படியேற்றம்’. 6-2ஐ அதன்கீழ் மாற்றிவிட்டேன்.

-----

ஆரிடையை அடிக்குறிப்பிலாவது சேருங்கள் ஐயா. குத்தேற்றம் வரைபடத்துக்குப் பெயர். மாணவர் லெவல் கோப்பைத் திறந்து திருத்தப்போவது ஒரு விளிம்பை, ஒரு பறவையை. அந்த இடத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.